மேசைமேல் இருந்த துறைமுகம்

யூலை 4, ஞாயிறு
தென்மேற்குக் கச்சான் காற்று காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிட்டது. யன்னலை மூடினால் வேர்வை, திறந்தால் தூசி. தண்டவாளத்தில் தூசி படிந்தால் எஞ்சின் விக்கும். மூடினேன்.

இன்றைய வேலை: சீனக்குடா வளைவுக்கு நாற்பது சிலிப்பர் கட்டை (ஐஸ்பழக் குச்சி, நீளவாக்கில் பிளந்தது). குன்றுக்கு இரண்டாம் பூச்சு. பல் அச்சுக்கு உதவாமல் போன பழைய பிளாஸ்டர். மூன்றாம் பெட்டிக்குக் கூரை. பெட்டி இன்னும் ஈறு நிறத்தில்தான். பொய்ப்பல் கட்டுகிறவன் செய்த ரயில் வேறு எப்படி இருக்கும்? காவிப் பெயின்ற் கடையில் இல்லை.

மேசை ஏழு அடி நீளம், மூன்றரை அடி அகலம். இடது கோடியில் காடு, பிறகு தம்பலகாமத்து வயல், சீனக்குடா, ஒன்பது எண்ணெய்த் தாங்கிகள் (பால்மா ரின் மூடி, சாம்பல் பூச்சு), வலது கோடியில் எங்கள் ஸ்ரேசன், ஜெட்டி, துறைமுகத் தண்ணீர். தண்ணீர் என்பது அடியில் நீலம் பூசிய கண்ணாடி. ஐந்து வருட உழைப்பு. ரயில் பாதையில் உண்மைக் கோச்சி வருகிற நாள் குறையக் குறைய என்னுடையது நீண்டுகொண்டு போகிறது.

முன் அறையில் வாடகைக்கு இருக்கும் தேவராசா வந்து வாசலில் நின்றார். இனி தே. என்றே எழுதப்போகிறேன். இந்த நாட்குறிப்புக் கொப்பி யார் கைக்குப் போகுமோ. மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்குப்பிள்ளை. மனைவி, பிள்ளைகள் இந்தியாவில் அகதி முகாமில். எட்டு மாதமாக இங்கே. இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றவர், உண்மையில் தாங்கி எத்தனை என்று கேட்டார். தெரியாது என்றேன். அரிசி நிறுக்கிறவருக்கு அது எதற்கு?

யூலை 6, செவ்வாய்
மோட்டர் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கறுப்பு மண். அளவுக்கு மீறிய மண். தானாகப் போகிற அளவில்லை. நேற்று நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருந்தது தே. மட்டும். கடை அரை நாளாம்.

மனைவி வசந்தியிடம் சொல்லவில்லை. அவளுக்கு அவர் பாவம்.

யூலை 7, புதன்
மண் விசயம் விளங்கிவிட்டது. புல்மோட்டையிலிருந்து பல் கட்ட வந்தவர் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்து தந்த கறுப்பு மண்ணைத்தான் தண்டவாளத்துக்கு நடுவில் சல்லிபோலத் தூவியிருந்தேன். அதில் இரும்பு இருக்கிறது. மோட்டர்க் காந்தம் அதை இழுத்துக்கொள்கிறது. முழுவதையும் தூரிகையால் கூட்டி அள்ளினேன். மூன்று மணி நேரம்.

தே. மீது பிழையில்லை. நானும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லைதானே.

யூலை 8, வியாழன்
வசந்தி இன்று நேரே கேட்டாள். சாதாரணமாக இப்படிப் பேசமாட்டாள்.

"இஞ்சேருங்கோ, உந்தத் துறைமுகத்தைக் கழட்டுங்கோ. கோச்சி இருக்கட்டும். ஆமிக்காரன் வந்து பாத்தால் என்னெண்டு நினைப்பான்?"

ரயில் வந்து சேருகிற இடம் இல்லாமல் ரயில் எதற்கு என்று கத்தினேன். ஸ்ரேசனிலிருந்து ஜெட்டிவரை ஒவ்வொரு அடியையும் நடந்து அளந்தவன் நான், அந்தக் காலத்தில் எவனும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். தே. அறைக் கதவு திறந்தே இருந்தது. கேட்டிருப்பார்.

வசந்தி நாளைய வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதப் போனாள்.

யூலை 10, சனி
தாங்கி எட்டு.

மூன்று தரம் எண்ணினேன். மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், கூட்டின குப்பையில். இல்லை. ஒட்டின இடத்தில் சுரண்டிய அடையாளம். எலி சுரண்டாது.

யூலை 12, திங்கள்
தாங்கி ஆறு.

வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது சோதனைச் சாவடியில் தே. நிற்கிறார். ஆமிக்காரன் ஒருவனோடு சிங்களத்தில் கதை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கந்தளாயில் பத்து வருடம் வேலை செய்தவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. என்னைக் கண்டதும் சிரிப்பை நிற்பாட்டினார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இல்லை, நிற்பாட்டினார்.

ஒரு பக்கத்துக்கு வேலை செய்கிறவர் என்றால் ஆமிக்காரனோடு சிரிப்பதில் பொருள் உண்டு. மற்றப் பக்கத்துக்கு என்றால் தாங்கிகளை எடுத்துப்போய் யாருக்கோ காட்டுவதில் பொருள் உண்டு. எந்தப் பக்கம் என்றுதான் பிடிபடவில்லை.

வாங்க வேண்டியவை: சாம்பல் பெயின்ற், நூல், சிறிய பூட்டு.

யூலை 13, செவ்வாய்
பூட்டு வாங்கவில்லை. பூட்டினால் கள்ளன் உசாராகிவிடுவான். காலையில் போகும்போது மேசை அறை வாசலில் பிளாஸ்டர் மாவை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனேன்.

மாலை: செருப்புத் தடம். பெரிய செருப்பு, குதி தேய்ந்தது. உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. தே. செருப்பு வாசலில் கிடந்தது, திருப்பிப் பார்த்தேன். குதியில் வெள்ளை.

ஜெட்டியிலிருந்த பாரந்தூக்கி இல்லை. அது மட்டும் இரண்டு மாத வேலை.

இரவுச் சாப்பாட்டில் எனக்கு எதிரே இருந்து பிட்டுச் சாப்பிட்டார். ரயில் எப்படிப் போகிறது அண்ணை என்று கேட்டார். போகிறது என்றேன். வசந்தி அவருக்குச் சம்பல் வைத்தாள்.

யூலை 16, வெள்ளி
சுவரில் குத்தியிருந்த வரைபடத் தாளைக் காணோம். ஸ்ரேசன், பாதைகள், ஜெட்டி, எல்லாவற்றின் அளவும் என் கையெழுத்தில். மூலையில் என் பெயர்கூட இருக்கிறது.

வேலையில் பல் அச்சு ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. பல் டொக்டர் ஏசினார்.

அந்தத் தாள் இப்போது எங்கே, யார் விரித்துவைத்துப் பார்க்கிறார்கள்? பிடிபட்டால் பிடிபடுவது நான். பொலிசுக்குப் போக ஏலாது. போய் என்ன சொல்வது, துறைமுகத்தின் வரைபடம் கீறி வைத்திருந்தேன், களவு போய்விட்டது என்றா?

யூலை 17, சனி
விதானையார், எங்கள் கிராம அதிகாரி, வீட்டுப் பட்டியல்களைத் திருத்தித் தரும்படி எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று வீட்டில் வைக்க. யார் யார் இருக்கிறோமோ அந்தப் பெயர்கள். சுற்றிவளைப்பில் அதைப் பார்த்துத்தான் ஆட்களைச் சரிபார்ப்பார்கள்.

என் பெயர், வசந்தி பெயர். மூன்றாவது பெயரை வெட்டினேன். பக்கத்தில் எழுதியது: வீட்டை விட்டுப் போய்விட்டார்.

பொய் என்று சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு போகச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் முந்தி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அவர் பிடிபட்டு அந்தத் தாளும் பிடிபட்டால், அவர் என் வீட்டு ஆள் என்று இருக்கக்கூடாது.

விதானையார் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சீல் குத்தினார்.

யூலை 20, செவ்வாய்
எழுத வேண்டியது நிறைய. ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிகாலை ஐந்தரைக்குச் சுற்றிவளைப்பு. எங்கள் பாலையூற்றுப் பகுதி முழுக்க. எங்கள் வீட்டுக்குள் நாலு பேரும் ஒரு அதிகாரியும். நேரே மேசை அறைக்கு வந்தார்கள். வரைபடம் போன நாளிலிருந்து நான் அதற்குள் போகவில்லை.

வெளிச்சத்தில் மேசையைப் பார்த்தேன். முதன்முறை பார்ப்பதுபோல் இருந்தது. தாங்கி ஒன்றுகூட இல்லை, அந்த இடத்தில் பச்சைத் தூள் தூவியிருந்தது. ஜெட்டி இல்லை. கண்ணாடித் தண்ணீரின் மேல் வசந்தியின் பரீட்சைத் தாள் கட்டுகள், இரண்டு சாண் உயரம். மிஞ்சியது காடு, வயல், குன்று, ஒரு சின்ன ஸ்ரேசன், ஈறு நிறத்தில் மூன்று பெட்டி.

அதிகாரி சிங்களத்தில் கேட்டான். தே. எனக்குத் தமிழில் சொன்னார்: ஓடுமோ என்று கேட்கிறார். கரண்ட் இருந்தது. ஓட்டினேன். வயலைத் தாண்டி வளைவில் ஏறி நின்றது. ஆமிக்காரன் ஒருவன் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் பட்டியலைக் கேட்டான்.

கொடுத்தேன். வாசித்தான். தே.யைப் பார்த்தான். ஏதோ கேட்டான். தே. எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் உங்கட வீட்டிலை இருக்கிற ஆளோ எண்டு கேக்கிறார், அண்ணை."

தன்னைப் பற்றிய கேள்வியை அவரே மொழிபெயர்த்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் சொன்னேன்: "இல்லை. அவரைப் போகச் சொல்லியாச்சு."

அதை அவர் சிங்களத்தில் சொன்னார். என் பதிலைவிட நீளமாக இருந்தது. எனக்குச் சிங்களம் அவ்வளவாக விளங்காது. அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்புப் போடவிட்டார்கள்.

ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை விட்டார்கள்.

வீட்டில் வசந்தி குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் பெயர் எப்படி இல்லாமல் போனது என்று கேட்டாள். சொன்னேன். தாங்கிகள், தடம், வரைபடம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னனான்," என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னாள். "உங்களுக்குச் சொல்லி ஏலாமல் போச்சு. ஒவ்வொண்டாய் எடுத்தால் தெரியாது எண்டு நினைச்சன். எனக்குக் கை எட்டேல்லை, பசை விடேல்லை. அவரைக் கேட்டன். உங்களிட்டைச் சொல்லிப்போட்டுச் செய்வம் எண்டு அவர் எத்தினை தரம் சொன்னவர் தெரியுமே. நான்தான் விடேல்லை."

தாங்கிகள் கிணற்றடி வாழைக்குக் கீழே. பாரந்தூக்கியும். வரைபடத்தை அவளே அடுப்பில் வைத்தாளாம்.

யூலை 21, புதன்
காலை ஏழு மணிக்கு ஆமி முகாம் வாசல். மாலை வரை நின்றேன். உள்ளே விடவில்லை. வேலைக்குப் போகவில்லை, சொல்லி அனுப்பவும் இல்லை.

கச்சான் இன்னும் ஓயவில்லை. வாசலில் நின்றவர்கள் பதினாலு, பதினைந்து பேர், முக்கால்வாசி பெண்கள். ஒருத்தி எனக்குப் போத்தலில் தண்ணீர் தந்தாள். யாருக்காக வந்தனீங்கள் என்று கேட்டாள். தம்பி என்றேன்.

யூலை 22, வியாழன்
வசந்தியும் வந்தாள். பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. மொழிபெயர்க்க ஒரு கிழவர்.

பெயரை வெட்டியது நான், அவர் எங்கும் போகவில்லை, எட்டு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். பட்டியலில் பொய் எழுதினால் என்னையும் வைத்திருக்கலாம்.

கிழவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் குழம்பினார்.

"அண்டைக்கு நீங்கள் வேறை மாதிரியெல்லே சொல்லியிருக்கிறியள். அவர் நல்ல மனுசன், வேறை அறை பாக்கிறார், அவர் கேட்டபடியால்தான் நான் பேரை வெட்டினனான் எண்டு."

நான் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு என் பெயரால் அதைச் சொன்னது தே. அந்த நீளமான பதில் அதுதான்.

வசந்தி என் கையைப் பிடித்தாள். பிடித்தது ஆறுதலுக்கு இல்லை, நகம் பதிந்தது. ஓம், அப்படித்தான், ஆனால் அறை கிடைக்கவில்லை, அதனால் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். என் பொறுப்பில் எடுக்கிறேன் என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சனிக்கிழமை பார்ப்போம் என்றார்கள்.

வழி முழுக்க வசந்தி முன்னால் நடந்தாள்.

யூலை 23, வெள்ளி
மனதில் ஒன்றும் ஓடவில்லை. விதானையாரிடம் போய்ப் பெயரைத் திரும்ப எழுதுவித்தேன். இந்தத் தரமும் சீல் குத்தினார்.

யூலை 24, சனி
மாலை நாலு மணிக்கு வந்தார். நடந்தே. முகத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். வசந்தி சோறும் மீன்குழம்பும் வைத்தாள். மெல்ல மெல்லச் சாப்பிட்டார். நான் எதிரே இருந்தேன்.

சாப்பிட்டு முடியச் சொன்னேன். எல்லாம். பிளாஸ்டர் மாவு தூவியதுவரை. மன்னிக்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து இருந்தார். சாவடியில் நின்றவன் மூலமாக இந்தியாவுக்குக் கடிதம் போகிறதாம், கொழும்புக்கு லீவில் போகிறவன் தபாலில் போட்டுவிடுவானாம், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. தாங்கி எத்தனை என்று கேட்டது எனக்கு அந்த இடம் எவ்வளவு தெரியும் என்று பார்க்க. தெரிந்தவன் மாதிரிப் பிறத்தியாருக்குப் பதில் சொல்லிவிடுவேனோ என்று பயமாம்.

ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் உள்ளை போனால் ரீச்சர் தனிய. ஒராள் போனால் மற்றாள் வந்து கூப்பிடலாம்," என்றார். "நீங்கள் வருவியளோ எண்டு எனக்கு நிச்சயமில்லை. அது வேறை."

யூலை 25, ஞாயிறு
தே. போகிறார். நிலாவெளி றோட்டில் சங்கக் கடை மனேஜர் வீட்டில் ஒரு பத்தி, சின்னச் சாய்ப்பு அறை, இருக்கிறதாம். வசந்தி அழுதாள். மேசையை இப்போதே உடைக்கிறேன், அறையை விட்டுப் போகவேண்டாம் என்று நான் சொன்னேன்.

"மேசையை உடைக்காதேங்கோ. நல்லாய் ஓடுது," என்றார். "எனக்குக் கோவம் இல்லை அண்ணை. ஆனால் இனி இஞ்சை இருக்க ஏலாது. நான் ஒவ்வொரு தரமும் உள்ளை வந்து போகேக்கை நீங்கள் எண்ணிப் பாப்பியள். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

நான் போய்க் கயிறு எடுத்துவந்தேன்.

ஒரு சூட்கேஸ், ஒரு பாய், கடிதங்கள் வைத்திருக்கும் பிஸ்கற் ரின். சைக்கிள் கரியரில் கட்ட நான் கயிறு பிடித்துக் கொடுத்தேன். சந்தி திரும்பும்வரை வசந்தி வாசல் படலையில் நின்றாள்.

முன் அறையைப் போய்ப் பார்த்தேன். கூட்டித் துடைத்திருந்தது. அறைப் பூட்டின் திறப்பு யன்னல் விளிம்பில் கிடந்தது.