விரித்தால் ஒன்று, மூடினால் ஒன்று

மே 20, திங்கள்

இன்றைக்கும் ஒத்திகையில் வாசித்ததைவிடத் தின்றதுதான் அதிகம். வெங்காயத் தோலோடு வேகவைத்த பழுப்பு முட்டைகளை லூனா கொண்டுவந்திருந்தாள். அவள் வீட்டுச் சனிக்கிழமைச் சாப்பாட்டின் மிச்சம். செலிக் நாலை உள்ளே தள்ளிவிட்டுக் கிளாரினெட்டை எடுத்தான். "முதல்ல வாயைக் கொப்பளிடா, கிளாரினெட் பாவம்" என்றாள் நிஹான்.

ஜூன் 9 கச்சேரிக்குக் கடைசிப் பாட்டு முடிவாகிவிட்டது. ஒரே மெட்டு. செலிக் வீட்டில் அது யூதர்களின் இத்திஷ் மொழிக் கல்யாணப் பாட்டு. நிஹானின் ஊரான துருக்கி இஸ்மீரில் காதல் பாட்டு. லூனா வீட்டில் அவர்களுடைய பழைய ஸ்பானிய மொழியில் தாலாட்டு. எங்கள் கிரேக்க வீட்டில் அப்பா சவரம் செய்யும்போது பாடுவது. எங்களுடையதுதான் மூலம் என்று நாலு பேரும் கத்தித் தொண்டை வறண்டதுதான் பலன். யாரும் இறங்கி வரவில்லை. ஆகவே நாலையும் சேர்த்தே பாடப்போகிறோம்.

மே 23, வியாழன்

நிஹான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எவாந்தியா, கோவிச்சுக்காதே. இந்தப் பாட்டுல ஒரு சுரம் உன் அக்கார்டியன் பெட்டியிலயே கிடையாது. ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கு அது. நீ வாசிச்சா பாட்டு நொண்டுது."

அவள் ஏன் சொல்லமாட்டாள்? மடியில் கானூன். தந்திக்குத் தந்தி குட்டிக் குட்டி நெம்புகோல்; ஒன்றைத் தட்டினால் சுரம் மயிரிழை இறங்கும். என் அக்கார்டியனுக்கு அதற்கெல்லாம் எங்கே போவது?

ஊத் என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஸ்ட்ராத்தோஸ் என்று ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும்தானாம். எனக்கு என்ன வேலை? சலங்கை கோத்த கைமேளம் ஒன்றை நீட்டினாள். தட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம், நான்!

ஒரு பாட்டுக்கு வருகிறவன் ஒரு பாட்டோடு போவானா? அடுத்த கச்சேரியில் ரெண்டு, அதற்கடுத்ததில் எல்லாம். பதினோரு வருஷம் இந்தப் பெட்டியைத் தோளில் சுமந்திருக்கிறேன். செலிக் ஊதுவாயைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். போங்கடா எல்லாரும்.

மே 24

கைமேளத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

மே 25, சனி

இல்லாத சுரத்தை உண்டாக்கினால் என்ன? உள்ளே இருப்பது வெறும் பித்தளைத் தகட்டில் உட்கார்ந்து காற்றில் அதிரும் எஃகு ரீடுதானே. நுனியைத் தேய்த்தால் சுரம் ஏறும், அடியைத் தேய்த்தால் இறங்கும். அப்பாவின் சின்ன அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகம் தேய்த்தால் ரீடு போச்சு.

தேய்ப்பது, பெட்டியை மூட்டுவது, விரித்துக் கேட்பது, மறுபடி கழற்றுவது. நேரம் போனதே தெரியவில்லை. மதியம் மூன்றே கால் இருக்கும், ஊரே குட்டித்தூக்கம் போடும் நேரம், கீழ்வீட்டு அர்கிரோ அம்மா துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். "அஞ்சு மணி வரைக்கும் மனுஷங்க தூங்க வேண்டாமாடி?" கடைசியாக ஒரே ஒரு தடவை, மெதுவாக விரித்துப் பார்த்தேன். வந்துவிட்டது! அந்தச் சுரமேதான். தலைகால் புரியவில்லை. நாளைக்கு வரட்டும் அந்த ஸ்ட்ராத்தோஸ்.

மே 26, ஞாயிறு

மானம் போச்சு.

லூனா வீட்டு நூல்கடையின் பின்னறையில் ஸ்ட்ராத்தோஸ் ஊத்தோடு உட்கார்ந்திருந்தான். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். விரித்தேன், அந்தச் சுரம் வந்தது. நிஹான் விருட்டென்று நிமிர்ந்தாள். துருத்தியை மூடினேன், அதே கட்டை, அதே விரல், பழைய சுரம்! ஒரே கட்டை ரெண்டு மாதிரி பேசுகிறது. ஸ்ட்ராத்தோஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். லூனாவும்தான். செலிக் மட்டும் சிரிக்கவில்லை, அல்லது அடக்கிக்கொண்டான்.

தகட்டில் ரெண்டு ரீடு உண்டு, முட்டாளே. விரிக்கும்போது ஒன்று, மூடும்போது மற்றது. மற்றது தகட்டின் மறுபக்கத்தில். அதைத் தொடவே இல்லை நான். பதினோரு வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழறவளுக்கு இதுகூட ஞாபகம் இருக்காதா? கோபத்தில் எல்லாம் மறந்துவிட்டது.

"வேற பாட்டுல பார்த்துக்கலாம்டி" என்றாள் நிஹான், அன்பாகத்தான். அதுதான் அதிகம் வலித்தது.

மே 27, திங்கள்

மற்றதையும் தேய்த்துவிடுவோம் என்று காலையிலேயே அரத்தை எடுத்தேன். அளவு பார்க்க, ஒத்திகையில் கைபேசியில் பதிந்துவைத்திருந்த லூனாவின் தாலாட்டைப் போட்டேன். ஏறும்போது சரியாக இல்லையே? திரும்பப் போட்டேன். ஆறு தடவை கேட்டேன்.

அந்தச் சுரத்தை அவள் ரெண்டு விதமாகப் பாடுகிறாள்! மெட்டு மேலே ஏறும்போது என் பழைய சுரம், நேராக. கீழே இறங்கும்போது நிஹானின் நடுச்சுரம். போன் போட்டுக் கேட்டேன். "அப்படியா பாடறேன்? எனக்கென்ன தெரியும், அம்மா பாடினபடி பாடறேன்" என்கிறாள் மகராசி.

அரத்தைக் கீழே வைத்தேன். ஏறும்போது மூடு, இறங்கும்போது விரி. அவ்வளவுதான். அவ்வளவுதானா? இல்லை, பாதியிலேயே காற்று தீர்ந்துபோகிறது. சுரம் எழுப்பாமல் துருத்தியை நகர்த்தும் காற்றுப் பொத்தானை அழுத்தி, எங்கே மூச்செடுப்பது என்று ஒவ்வொரு அடியாகக் குறித்தேன். முழங்கை கழன்றுவிடும்போல இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

மே 30, வியாழன்

யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசித்தேன். முதல் சுற்றில் நிஹான் கைகட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் கானூனில் சேர்ந்துகொண்டாள். ஏற்றத்தில் செலிக் நுழைந்தான், அவனுடைய கல்யாணப் பாட்டு நேராகத்தான் ஏறும், நானும் நேராக. இறக்கத்தில் நிஹான், நானும் அவளோடு.

முடிந்ததும் நிஹான், "பெட்டியைத் திற, பார்க்கணும்" என்றாள். திறந்து காட்டினேன். "பைத்தியம்டி நீ" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

ஜூன் 9, ஞாயிறு

மேடையில் ஐந்து பேர். கடைசிப் பாட்டைக் கூட்டம் மூன்று தடவை கேட்டது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கூடவே பாடி மானத்தை வாங்கினார். ஸ்ட்ராத்தோஸ் கைமேளம் தட்டினான். நன்றாகவே தட்டினான், சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

மதியம் நிஹான் வீட்டுக்கு வந்தாள். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து நாடா கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டாள். பிரித்தால், புத்தம் புது அரம்.

"அடுத்த பாட்டுக்கு இன்னொரு சுரம் வேணும். ஒரு பக்கம் மட்டும் தேய், புரியுதா? ஒரே பக்கம்."

எனக்கே சொல்லித்தருகிறாள்! அரத்தைக் கையில் வாங்கி மணியைப் பார்த்தேன். மூன்றரை. ஐந்துக்கு மேல்தான் தொடங்க வேண்டும், அர்கிரோ அம்மா தூங்குகிறாள்.