குறைந்தபட்ச எடை

முதல் நாள், காலை
இறங்குகலம் பிரிந்தது. உள்ளே விமானி இசக்கியப்பன், மண் ஆய்வாளர் ரெஜினா. தாய்க்கலத்தில் நான் மட்டும்: செண்பகவடிவு, இந்தக் கோளைக் கண்டுபிடித்தவள். பூமியிலிருந்து கோள் யார் கண்ணுக்கும் பட்டதில்லை. அதன் நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக லேசாக ஆடியது. அந்த வேகத்தை அளந்து, இழுப்பது ஒரு கோள் என்று சொன்னேன். எடை, பூமியைப் போல ஒன்றேகால் மடங்கு. எல்லாம் சீர்.

இரண்டாம் நாள், காலை
தாய்க்கலத்தைக் கோள் கணக்குக்கு மேல் இழுக்கிறது. கருவியைத் திட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். எடை, பூமியைப் போல நான்கு மடங்கு.

ஐயோ. நட்சத்திரம் பக்கவாட்டில் ஆடுவது அந்த அளவையில் தெரியாது. நம்மை நோக்கி வந்துபோகும் பங்கு மட்டுமே தெரியும். ஆக, என் ஒன்றேகால் வெறும் குறைந்தபட்ச எடைதான்; உண்மை எடை அதற்கு மேல் எவ்வளவும் இருக்கலாம். புறப்படும் முன் நடந்த கூட்டத்தில் ரெஜினா இதையேதான் கேட்டாள். "நீ கல்லைப் பாரு, நட்சத்திரத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். கூட்டமே சிரித்தது.

நான்கு மடங்கில் இறங்கலாம், திரும்ப ஏற முடியாது. மாலை ஐந்துக்குள் சொன்னால் இறங்குகலத்தைத் திருப்பிவிடலாம்.

இரண்டாம் நாள், பிற்பகல்
இசக்கியப்பன்: "என்னக்கா, சத்தத்தையே காணோம்? கணக்கு சரிதானே?"

"பாத்துட்டுதான் இருக்கேன்" என்றேன். எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான். ரெஜினாவிடம் சொல்ல நா எழவில்லை. அவள் குத்திக்காட்ட மாட்டாள், அதுதான் தாங்காது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள், மாலை 5:40
சொல்லிவிட்டேன். இப்போது சொல்லி என்ன? நான் என்ன பிறவி!

இசக்கியப்பன், "எப்பக்கா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டான். "இப்பதான்" என்றேன். அதிலும் பொய்.

மூன்றாம் நாள்
இருந்த எரிபொருளையெல்லாம் எரித்து இறங்கிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறார்கள். மூச்சுக்காற்று நாளை வரைதான்.

ரெஜினா: "எந்திரிக்க முடியலக்கா, நெஞ்சு மேல ஆளு உக்காந்த மாதிரி இருக்கு. நீங்க அழாதீங்க. கருவி கோளாறுன்னு எழுதிருங்க. இல்லன்னா எங்க அம்மா உங்கள சும்மா விடமாட்டா."

இதைப் படிக்கிறவர்களுக்கு: கருவியில் கோளாறு இல்லை. நேற்றுக் காலையிலேயே சரியாகச் சொன்னது. அவள் அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். ரெஜினா திரும்பவும் கூப்பிடுகிறாள், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதாம், ஏதாவது பேசச் சொல்கிறாள். இசக்கியப்பன் குரல் வரவில்லை. நான் என்ன பே