வேருடன் ஒரு மாதிரி

படப்பை
6 ஆகஸ்ட் 2024

ரஞ்சனி,

இல்லை, கோபத்தினால் மட்டும் இல்லை. போனை எடுத்தால் உன் குரல் என்னைச் சமாதானப்படுத்திவிடும். அதனால் எழுதுகிறேன்.

உன் சித்த மருத்துவ மாணவர்களுக்கு இருளர் வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றாய். பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. என் அம்மாவை நானே கூட்டிவந்தேன். மெஷினில் ஊற்றும் கூலன்ட் ஆயில் பட்டுக் கை வெந்துபோகிற கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பூசும் பச்சிலையைக் காட்டினாள். ஏரிக்கரையில் அது முளைக்கிற இடத்தையும் காட்டினாள். ஒன்றுதான் கேட்டாள்.

"இலைய மட்டும் கிள்ளு கண்ணு. வேரத் தொட்டா அடுத்த மழைக்கு இன்னா இருக்கும்?"

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாணவர்கள் வந்து வேரோடு பிடுங்கிப் போயிருக்கிறார்கள். கரையில் ஒன்றுகூட இல்லை. யார் அனுப்பியது?

மஞ்சுளா

ஒரகடம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மஞ்சு,

நான்தான்.

மாணவர்கள் செடியை உலர்த்தி அட்டையில் ஒட்டித் தர வேண்டும். வேர் இல்லாத மாதிரிக்கு மதிப்பெண் கிடையாது. நானும் அப்படித்தான் படித்தேன். ஆளுக்கு ஒன்று என்று சொன்னேன். வகுப்பில் எத்தனை பேர் என்று அப்போது தோன்றவில்லை.

ஆனால் ஒவ்வோர் அட்டையிலும் 'கிளியம்மாள், இருளர் வைத்தியர்' என்று எழுதவைத்தேன். இதுவரை அம்மாவின் பெயரை யார் எழுதினார்கள், சொல்? டீன் பார்த்துப் பாராட்டினார். அம்மாவுக்குச் சால்வை போர்த்தப்போகிறோம்.

மழைக்குப் பிறகு எங்காவது முளைக்கும், இல்லையா? ஜனவரியில் அடுத்த பேட்ச் வருகிறது. அம்மா வேறு செடி ஏதாவது காட்டட்டும். கோபித்துக்கொள்ளாதே. நீ இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் ரஞ்சனி

படப்பை
2 செப்டம்பர் 2024

ரஞ்சனி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சால்வை என்றதும் சிரித்தாள். "உசுரோட கீறவங்களுக்கா, பொணத்துக்கா?" என்று கேட்டாள்.

மெஷின் லைனில் வேலை செய்யும் வில்சன் வந்தான். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

"யம்மா, அந்தப் பச்சில கொஞ்சம் குடேன்."

"டாக்டரம்மா கையில போய்க் கேளு. அட்டையில ஒட்டி வெச்சிக்கினு கீறாங்க."

விளையாட்டு என்று நினைத்து வாசலிலேயே நின்றான். பிறகு உங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். களிம்பு கொடுத்தார்களாம். ஆறிவருகிறது என்கிறான். அதையும் எழுதிவிடுகிறேன். அதன்பின் அம்மாவைத் தேடி யாரும் வரவில்லை.

வேறு செடி கேட்டாய். எனக்குத் தெரியாது. போன வாரம் இருமல் வந்தபோது அம்மா ஒரு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். என்ன போட்டாய் என்றேன். சக்கையை நான் பார்ப்பதற்குள் அடுப்பில் போட்டுவிட்டாள். உன்னை அவளிடம் கூட்டிவந்தவள் நான்தானே.

ஜனவரிக்கு வேறு யாரையாவது பார். எனக்கு எழுதாதே.

இன்று காலை நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அம்மாவும் ஏறினாள். கேன்டீனில் காய் நறுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. என் பக்கத்தில் இடம் இருந்தது. முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மஞ்சுளா