எங்கள் தெருவுக்குக் கடிதம் வாசித்தவர்

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தை வீட்டுக் கதவைத் திறந்தபோது, ஆளைப் பார்க்கும் முன்பே மணம் வந்துவிட்டது. வறுத்த கொத்தமல்லியும் செத்தல் மிளகாயும். எனக்குத் தும்மல் வந்தது.

"இன்னும் தும்முறியே புள்ள" என்று சிரித்தபடி நின்றார் சூசை அங்கிள். கொட்டாஞ்சேனையில் நம் தெரு மூலையில் மிளகாய் மில் வைத்திருந்தவர். அரசாங்கம் அந்தத் தெருவை இடித்து ஆட்களை மாடிவீடுகளுக்கு மாற்றிய பிறகு, இப்போது ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு மாடிவீட்டின் எட்டாம் தளத்தில் இருக்கிறார். அங்கே மில் வைக்க முடியாது. சமையலறை மிக்ஸியில் அரைத்துப் பைகளில் அடைத்து விற்கிறார்.

கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் கடிதங்கள்.

"கிளாக்கர் ஐயா போன பொறகு இதுகள யாருகிட்டக் குடுக்கிறது எண்டு தெரியல்ல. நீ வாசி."

"உங்கட மாடியில சிங்களம் வாசிக்க ஆளில்லையா அங்கிள்?"

"ஏன் இல்ல, நெறையப் பேர் இருக்கிறாங்க. வாசிச்சா மட்டும் போதுமா? நம்பிக்கை வேணுமே."

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. செத்தவீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. இரண்டு பஸ் மாறி இன்றைக்கு ஏன் வந்தார் என்று முதலில் யோசித்தேன். நான் இப்படி யோசிப்பவள்தான், உங்களுக்குத் தெரியும்.

துறைமுகப் பக்கத்துக் கப்பல் கந்தோரில் கிளாக்கர் வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் யாராவது கடித உறையோடு வந்து நிற்பார்கள். நம் தெருவில் சிங்களம் பேசத் தெரியாதவர் இல்லை. லொறிக்காரரோடு பேரம் பேசுவார்கள், பொலிஸ்காரரைச் சிரிக்க வைப்பார்கள். ஆனால் அரசாங்கச் சிங்களத்தையும் இங்கிலீஷையும் வாசித்து விளங்க நீங்கள் ஒருவர்தான். தகரத்தில் றங்குப்பெட்டி அடிப்பவர், சலூன்காரர், தேத்தண்ணிக்கடை நானா, மில் சூசை எல்லோருடைய இரகசியங்களும் உங்கள் மேசையில்தான் உடைபட்டன.

அதற்கு நீங்கள் ஒரு முறை வைத்திருந்தீர்கள். "கெட்ட செய்தியை ஒரேயடியாக் குடுக்கக்கூடாது. இண்டைக்குப் பாதி, நாளைக்குப் பாதி." றங்குப்பெட்டிக்காரரின் மகனுக்கு விசா மறுக்கப்பட்டபோது முதல் நாள், "இன்னும் சில பேப்பர் கேக்கினம். மிச்சம் நாளைக்கு" என்றீர்கள். மனிதர் ஓர் இரவு தூங்கினார். நானாவின் கடையை ஒரு கிழமை பூட்டச் சொல்லி வந்த கடிதம் முதல் நாள் "தண்ணித் தாங்கியைப் பாக்க வருவினமாம்" என்று ஆனது. நானா கண்டுபிடித்துவிட்டார். "என்ன கிளாக்கர், ரெண்டாம் பாகம் எப்ப ரிலீஸ்?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

எல்லோருக்கும் அந்த முறை பழகிவிட்டது. நீங்கள் 'மிச்சம் நாளைக்கு' என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் நிம்மதியாகப் போவார்கள்.

சூசை அங்கிளின் பையிலிருந்த புதுக் கடிதம் சிறியது. வீட்டு உறுதிப் பத்திரம் தொடர்பாக இந்த மாதம் முடிவதற்குள் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வாசித்துக்காட்டிவிட்டு, கொண்டுபோக வேண்டிய பத்திரங்களைப் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பைக்குள் திரும்ப வைக்கும்போது அடியில், பொலித்தீன் உறைக்குள், இன்னொன்று இருந்தது.

அதைத் தனியே எடுத்து வைத்தேன். அந்தக் கடிதம் எனக்கு நினைவிருந்தது. அது வந்தபோது எனக்குப் பதினைந்து வயது, மேசையின் மற்றப் பக்கத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குத் தெரு முழுவதற்கும் அதே கடிதம் வந்திருந்தது. "அளக்க வருவினம். கடையளையும் வீடுகளையும் பதிஞ்சுபோட்டுப் போவினம். பயப்பட ஒண்டுமில்லை" என்று சூசையிடம் சொன்னீர்கள். அவ்வளவுதான். மிச்சம் நாளைக்கு என்று சொல்லவில்லை. மற்றவர்கள் தங்கள் கடிதங்களைக் கொண்டுவரவும் இல்லை. ஒருவருக்கு வாசித்தது எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

இப்போது எனக்கும் அரசாங்கச் சிங்களம் வாசிக்க வரும். கடிதத்தில் இரண்டாம் பந்தி ஒன்று இருக்கிறது, அப்பா. தெருவில் தொழில் செய்வோர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விண்ணப்பித்தால், புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை தருவது பற்றிப் பரிசீலிக்கப்படும். விண்ணப்பிக்காதவர்கள் குடியிருப்பாளர்களாக மட்டுமே கருதப்படுவார்கள்.

தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். நமக்கு வந்த பிரதியைக் கோப்பில் ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள். 'பதினான்கு நாட்கள்' என்பதன் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடுகள். அதற்குப் பின்னால், மாடிவீடு வேண்டாம், நட்டஈடு போதும் என்று நீங்கள் எழுதிய விண்ணப்பத்தின் கார்பன் பிரதி. ஒன்பதாம் நாளே அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் மற்றவர்களுக்கு மூன்று மாதம் முன்பே நாம் லொறி பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தோம்.

அந்த நாட்களில் நீங்கள் தெரு முனையால் வராமல் தேவாலய மதிலோரத்து ஒழுங்கையால் சுற்றி வந்தீர்கள். அந்தப் பக்கத்துப் பேக்கரியில் எனக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்குவதற்காக என்று சொன்னீர்கள். நான் சந்தோஷமாகத் தின்றேன். அந்த வழியில் மில் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

உங்களுக்காக வாதாடியும் பார்த்தேன். இரண்டாம் பந்தியைச் சொல்ல மறந்திருப்பீர்கள். ஆனால் ஒருவருக்கும் இரண்டாம் பாதியை நீங்கள் மறந்ததில்லை. மனம் வராமல் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நாள் கடந்திருக்கும். அல்லது ஆளுக்கு ஆள் விண்ணப்பம் எழுதத் தொடங்கினால் முழுத் தெருவும் உங்கள் மேசைக்கு வரும், நம் காரியம் இழுபடும் என்று நினைத்திருப்பீர்கள். இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

கோப்பைகளோடு வந்தபோது சூசை அங்கிள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே ஏதாவது தெரியுமோ என்று எனக்கு ஐயம் வந்தது.

"என்னா புள்ள, பழசத் தனியா எடுத்து வச்சிருக்கிற? அது அளக்க வந்த கடிதம்தானே?"

'ஓம்' என்று ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து, தமிழில் சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை.

"கீழ கடையா?"

"எழுதிக் குடுத்திருந்தா பாத்திருப்பினம், அங்கிள்."

"எத்தின நாள் எண்டு சொன்ன?"

"பதினாலு."

அவர் சிரித்தார். "நீ பள்ளிக்கூடத்துச் சிங்களம் படிச்ச புள்ள. கிளாக்கர் ஐயா வாசிச்சா ஒரு சொல்லுத் தப்பாது." என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். "கோவிச்சுக்காத. இன்னொருத்தர்ட்டயும் காட்டிப் பாக்கிறன்." தேத்தண்ணியைத் தொடவில்லை.

சிவப்புக் கோடிட்ட நம் பிரதியை நான் அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அங்கேயே நம்பியிருப்பார். காட்டாமல் விட்டது அவருக்காகவா, உங்களுக்காகவா, எனக்காகவா? அது இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. அலுமாரியைத் திறக்காமலே அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று நாள் முழுவதும் எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது.

பல்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டடியில் காவலாளியைச் சிங்களத்தில் "அய்யே", அண்ணா, என்று கூப்பிட்டு, கடிதத்தை நீட்டினார். காவலாளி மெதுவாக, வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். இரண்டாம் பந்தியில் விரல் நின்றது. சூசை அங்கிள் அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னது கையசைவில் தெரிந்தது.

கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தார். பிறகு தலை நிமிர்ந்து நம் வீட்டைப் பார்த்தார்.

நான் உள்ளே போகவில்லை, அப்பா. அவர் பார்த்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.