உன் அறைக்கு அடியில் நிற்கும் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எங்களுக்கும் குறை ஒன்றுமில்லை, அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, மாத்திரையை மட்டும் நான் கையில் கொடுத்தால்தான் விழுங்குகிறார். போனிலேயே பேசலாம்தான், ஆனால் உன் பெயர் திரையில் வந்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார். அதனால்தான் கடிதம்.

மழை விட்டு வெயிலே அடிக்கிறது, தெருவில் மட்டும் தண்ணீர் வடியவில்லை. கேட்டைத் திறந்தால் முழங்கால் வரை கறுப்பாக நிற்கிறது. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போய், நூலகத்தில் காலைக் கழுவிவிட்டுத்தான் என் நாற்காலியில் உட்காருகிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோரைப் பள்ளம் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. தெருத் தண்ணீரெல்லாம் அங்கே போய்த் தேங்கி மெல்ல மண்ணுக்குள் இறங்கட்டும் என்று மனை பிரித்தபோதே விட்ட இடம் அது. தெருவிலிருந்து அதற்குப் போன திறந்த ஓடை நம் பக்கச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அதன் மேல்தான் அப்பா உன் அறையைக் கட்டியிருக்கிறார். நீ வேலைக்குப் போன புதிதில், நல்லதாக ஒரு அறை இருந்தால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று அவருக்கு ஒரு எண்ணம். தண்ணிக்கு வழி விட்டுத்தானே கட்டுறேன், அடியில எவ்வளோ பெரிய குழாய் போடுறேன் பாரு என்றார். உனக்குப் பாம்பென்றால் பயம் என்று குழாயின் நடுவில் இரும்பு வலை வேறு வைத்து, மேலே தளம் போட்டுப் பூசிவிட்டார். இப்போது தெருக்குப்பையெல்லாம் அந்த வலையில் சிக்கி இறுகிவிட்டது. இரண்டு பக்கமிருந்தும் கழி விட்டுக் குத்தியும் எட்டவில்லை. வடிகால் பார்க்கிற இன்ஜினியர் அம்மா வந்து, வலையை எடுத்தாலும் குழாய் பத்தாது சார், பழையபடி ஓடை அகலமா, வானம் பாத்து இருக்கணும், ரூமை இடிச்சாத்தான் ஆகும் என்றார். அப்ப எம் பொண்ணு வந்தா எங்க தங்குவாம்மா, நீங்களே சொல்லுங்க என்றார் அப்பா. அந்த அம்மா என்னைப் பார்த்து, நோட்டீஸ் குடுத்தா இழுத்துக்கிட்டே போகும், அடுத்த மழை காத்திருக்காது, நீங்க எடுத்துச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அப்பாதான் தலைவர், அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாம் என்னிடம்தான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு வேலையில்லாமல் நிற்கிறாள். ஏன்க்கா, உங்க பொண்ணு ரூம்ல மட்டும் சொட்டுத் தண்ணி இல்லையாமே, ஆளில்லாத ரூம்தானே, நான் வந்து தச்சுக்கட்டுமா என்று நேற்று கேட்டாள், சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வாசலில் அவள், உள்ளே இவர். உள்ளே வந்து சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். தண்ணீர் வடியும்வரை உன் மாமா வீட்டில் போய் இருக்கலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் தெருவே ஜன்னலில் நிற்கும், இவரையும் தனியாக விட முடியாது. தினமும் எழுந்ததும் அந்த அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்து, படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் காபிக்கு வருகிறார். அதைப் பார்த்தபின் இடியுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ இங்கே திரும்பி வந்து இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். போன தடவை கிளம்பும்போது அலமாரியில் ஒரு துணிகூட விட்டுப்போகவில்லை, அப்போதே புரிந்தது, கேட்கத்தான் தைரியம் வரவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் பாக்கலாம்ப்பா, பாக்கலாம்ப்பா என்கிறாய். அந்தப் பாக்கலாமைப் பிடித்துக்கொண்டுதான் அவர் யாரையும் சுவரைத் தொட விடமாட்டேன் என்கிறார். நான் சொன்னால் கோபப்படுவார், ஊரார் சொன்னால் சண்டைக்குப் போவார். நீ சொன்னால்தான் நம்புவார். சொல்லிவிடும்மா.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாமல் போய்ப் பார். நீ எங்கே இருந்தாலும் நிறைவாக, நிம்மதியாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் கூப்பிடு, மாத்திரை போட்டிருப்பார். ஸ்பீக்கரில்தான் போடச் சொல்வார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் கேட்கிறவளைப் போல இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா