கறுவலின் காதில் போன்

ஏத்தாளை
12.05.2013

மகள் நிஃப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நாய் கறுவலும் சுகம்தான், ஆனால் அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். மிருக வைத்தியம் படிக்கப் போனால் உன்னோடு கதைக்க மாட்டேன் என்றுதான் அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இதை நீ கதைத்ததாக எடுக்காதே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் கறுவலின் மூக்கில் தேனீ கொட்டிவிட்டது. தென்னம்பூவில் இருந்து விழுந்த தேனீயை வாயால் பிடிக்கப் பார்த்திருக்கிறான். ஊளையிட்டுக்கொண்டு என் காலடிக்கு வந்தான். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உம்மாவின் வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பை அள்ளி அவன் மூக்கு, உதடு எல்லாம் அப்பிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

அவன் அதை நக்கியிருக்கிறான். வாயெல்லாம் வெள்ளை நுரை. அந்தக் கோலத்தோடு ரோட்டுக்குப் போயிருக்கிறான். "விசர் நாய்! விசர் நாய்!" என்று சத்தம் கேட்டது. ஊரே தடியோடு ஓடி வருகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணித் தாங்கி மேல் ஏறினேன். இந்த வயதில், இந்தச் சாரத்தோடு. ஏறியது மட்டுமில்லை, மேலே நின்றுகொண்டு "அடிங்க, அடிங்க!" என்று நானும் கத்தினேன். அவன் வாலை ஆட்டிக்கொண்டு தாங்கிக்குக் கீழே வந்து நின்று என்னைப் பார்த்தபோதுதான் ஆள் யாரென்று விளங்கியது. "அடிக்காதீங்க, அது சுண்ணாம்பு!" என்றேன். ஓட்டோ ஓட்டுகிற யாக்கோபு மேலே பார்த்துக் கேட்டான்: "நெய்னார் நானா, நாய்க்குப் பூசினது சரி, நீங்க ஏன் மேல?"

சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த முறை கொட்டினால் என்ன செய்வது என்று எழுது. காவலுக்கு வேறு நாய் இல்லை என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வாப்பா
நெய்னார்

பேராதனை
18.05.2013

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கையெழுத்தைக் கண்டு ஹொஸ்டல் வாசலிலேயே நின்று வாசித்தேன். சிரித்த சிரிப்பில் அறைத் தோழி றிஷ்னா ஓடி வந்து தண்ணீர் தந்தாள். அவளும் வாசித்தாள், மன்னியுங்கள்.

சுண்ணாம்பு கூடவே கூடாது. நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். தேனீ கொட்டினால் முள் தோலில் நிற்கும். அதை விரலால் நசுக்கிப் பிடுங்காதீர்கள், மிச்ச நஞ்சும் உள்ளே போய்விடும். பழைய போன் அட்டை மாதிரி ஒன்றால் பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள். பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். மனுசருக்குக் கொடுக்கிற குளிசையை நீங்களாகக் கொடுக்கக்கூடாது.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. முகம் முழுக்க வீங்கினால், சத்தி எடுத்தால், மூச்சு இழுத்தால், பல் முரசு வெளிறினால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். எனக்கும் போன் எடுங்கள். அந்த நேரம் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். தபால்காரர் பதிலோடு வரும்போது கறுவல் மண்ணுக்குள் இருப்பான்.

வாப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உம்மாவோடு கதைக்கும்போது பக்கத்தில் நீங்கள் இருமுவது கேட்கிறது. உம்மா எதையாவது சொல்ல மறந்தால் இருமல் கூடுகிறது. பதின்மூன்று மாதமாக உங்கள் இருமலோடுதான் கதைக்கிறேன். எனக்கு அது போதவில்லை. வாப்பா கதைக்காத வீட்டுக்கு நோன்புப் பெருநாளைக்கு வரமாட்டேன். உம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பிரியமுள்ள மகள்,
நிஃப்லா

ஏத்தாளை
27.05.2013

மகள் நிஃப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. எனக்கு இருமல் இருப்பது உண்மை. கடற்காற்று.

நேற்று மறுபடியும் தேனீ. இந்த முறை காதுக்குக் கீழே. நீ சொன்னபடி செய்தேன். வீட்டில் பழைய போன் அட்டை இல்லை. சட்டைப் பையில் அடையாள அட்டை இருந்தது. சுரண்டினேன். முள் வந்துவிட்டது. வேலை அவ்வளவு சுத்தம், என்னையே நான் மெச்சிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவன் சந்தோசத்தில் அட்டையை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் நக்கிவிட்டான்.

நாய் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். உனக்குத் தெரியாததா? கழுவினேன். நான் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. எத்தனையாவது தரம் மண் போட்டேன் என்று சந்தேகம் வந்ததால் ஏழு தரமும் மண் போட்டே தேய்த்தேன். நம்முடைய மண் உனக்குத் தெரியும், கடல் மணல். அட்டை சுத்தமாகிவிட்டது. படத்தில் என் மூஞ்சி இல்லை. காது மட்டும் மிச்சம்.

புது அட்டைக்குக் கிராம சேவகரிடம் போனேன். "என்ன நடந்த?" என்றார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டு எழும்பி வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்து, "எப்பிடியோ பழுதாகியது" என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனுசன்.

பெருநாள் விசயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ பேராதனைக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, மகள் டொக்டர் என்று தெருத் தெருவாக வட்டிலப்பம் கொடுத்தவன் நான். மறுநாள் மஸாஹிர் சலூனில் வைத்து, "நானா, மகள் மாட்டுக்கா நாய்க்கா டொக்டர்?" என்று கேட்டான். பாதி முடி வெட்டியபடி எழும்பி வந்தேன். அந்தக் கோபத்தில் வாயில் வந்ததுதான் அந்தச் சத்தியம். உன்மேல் வந்த கோபம் இல்லை, வட்டிலப்பத்தின்மேல் வந்த கோபம். ஆனால் அல்லாஹ்வின் பேரைச் சொல்லிவிட்டேனே மகள். அதை விளையாட்டாக எடுக்க முடியுமா?

வாப்பா

பேராதனை
02.06.2013

அன்புள்ள வாப்பாவுக்கு,

சத்தியத்தை முறித்தால் அதற்குக் குற்றப் பரிகாரம் இருக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவு. இது எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே தடை சத்தியம் இல்லை, மஸாஹிர் நானாவின் சலூன்.

காதாவது மிஞ்சியதே, சந்தோசம். அந்தக் காதால் கேளுங்கள்: பெருநாளைக்கு வரமாட்டேன் என்றால் வரமாட்டேன். நானும் நெய்னாரின் மகள்தான்.

தோட்டத்தில் ஓலைக் குவியல் இருந்தால் அகற்றுங்கள். குளவி கூடு கட்டும். தேனீ மாதிரி இல்லை, ஒன்றே பல தரம் கொட்டும்.

நிஃப்லா

ஏத்தாளை
19.06.2013

என் அன்பு மகள் நிஃப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திங்கட்கிழமை நடந்ததில் போனில் உனக்குக் கேட்டது பாதிதான். மீதியை எழுதுகிறேன். இனி உன்னோடு வாயாலேயே கதைக்கலாம் என்பது தெரியும். ஆனால் சில விசயம் எனக்கு எழுத்தில்தான் வருகிறது.

ஓலைக் குவியலை அகற்றச் சொல்லி எழுதியிருந்தாய். நாளைக்கு என்று வைத்திருந்தேன். கறுவல் உடும்பைத் துரத்திப் போய் அதற்குள் தலையை விட்டான். குளவி. நான் சாக்கால் அடித்துத் துரத்துவதற்குள் முகம் வீங்கிக் கண் இரண்டும் காணாமல் போய்விட்டது. இரண்டு தரம் சத்தி எடுத்தான். உம்மா, உன் சாச்சியைப் பார்க்கச் சிலாபம் ஆசுபத்திரிக்குப் போயிருந்தா. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருந்தா, அது அல்லாஹ் செய்த வேலை.

உன் நம்பரை அழுத்தினேன். நீ "உம்மா?" என்றாய். அந்த நேரத்திலும் எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்ததைப் பார். ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கறுவலின் காதில் வைத்தேன்.

"கறுவல், ஒனக்குக் குளவி கொட்டினத மகள்ட்ட சொல்லு. மூஞ்சி பலாப்பழமாப் போனதயும் சொல்லு" என்றேன்.

நீ உடனே, "கறுவல், எத்தின எடத்துல கொட்டின எண்டு அந்த மனுசன்ட்ட கேளு" என்றாய்.

"பத்துக்கு மேலண்டு சொல்லு, கறுவல்."

"முரசு என்ன நெறம் எண்டு பாக்கச் சொல்லு."

உதட்டைத் தூக்கினேன். வெள்ளை. இந்த முறை சுண்ணாம்பு இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அவன் பின்னங்கால் இரண்டும் மடிந்து சரிந்துவிட்டான். கூப்பிட்டேன், வால் அசையவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நாயின் காது எது, என் காது எது என்று தெரியவில்லை.

"மகள்! உழுந்துட்டான் மகள்! எனக்கு ஒண்டும் தெரியாது, நீ சொல்லு!"

அது நான் உன்னோடு கதைத்தது. நான்தான். கறுவல் இல்லை.

நீ அழவில்லை, சிரிக்கவில்லை, "இப்பவாவது கதைச்சீங்களே" என்று சொல்லிக்காட்டவும் இல்லை. "வாப்பா, கேளுங்க. கழுத்த நேரா வைங்க. நாக்க முன்னுக்கு இழுத்து விடுங்க. வாய்க்குள்ள தண்ணி ஊத்த வேணாம். யாக்கோபு நானாட ஓட்டோவக் கூப்பிடுங்க. டொக்டருக்கு நான் இப்பவே ஆள் புடிச்சுச் சொல்றேன்" என்றாய். பயத்தில் சாரத்தை நனைத்துக்கொண்டு இருக்கிற பொடியனுக்கு இமாம் ஓதிக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாய். அப்படியே செய்தேன்.

யாக்கோபு பார்த்துவிட்டு, "நானா, சீட்டுல சத்தி எடுத்தா?" என்றான். "எடுக்கிறது நானா அவனாண்டு தெரியல்ல, நீ ஓட்டு" என்றேன்.

போனை வைக்க வேண்டாம், கதைத்துக்கொண்டே வாங்க என்றாய். எனக்குப் பயம் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாய் என்று இப்போது விளங்குகிறது. என்னென்ன கதைத்தேன்! வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது, உன் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு வைத்தது, உம்மா உன் கட்டிலில் மிளகாய் காயப்போட்டதும் நான் ஏசியதும். பாலாவிச் சந்தியில் திடீரென்று கதையை நிறுத்திவிட்டேன். "வாப்பா, ஏன் பேச்சக் காணோம்?" என்றாய். "லொறி மறிச்சிட்டு" என்றேன்.

மிருக ஆசுபத்திரியில் டொக்டர் நோனா ஊசி இரண்டு போட்டா, சேலைன் ஏற்றினா. அஸர் தொழுகை நேரம் ஒரு கண் திறந்தான். என்னைப் பார்த்தான். முகம் முழுக்க நக்கினான். ஏழு தரம் கழுவினேன், ஒரு தரம் மட்டும் மண். அனுபவம். "கொண்டு வந்த விதம் சரி, யார் சொல்லித் தந்த?" என்று டொக்டர் நோனா கேட்டபோது, "என்ட மகள், உங்கட வேலதான் படிக்கிறா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மாட்டோடு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்றுப் பள்ளி மவ்லவியிடம் போய்ப் பரிகாரம் கேட்டேன். நீ சொன்னதேதான். பத்துப் பேருக்கு அரிசி கொடுத்தேன். வாங்கின ஒவ்வொருத்தரும் "என்னத்துக்கு நானா?" என்று கேட்டார்கள். "மகளோட கதைச்சதுக்கு" என்றேன். இஸ்ஸதீன் மட்டும், "அடிக்கடி கதைங்க நானா" என்றுவிட்டுப் போனான். திரும்பும் வழியில் மஸாஹிரின் சலூனுக்குள் நானாகவே போய் உட்கார்ந்து முழுத் தலையும் வெட்டிக்கொண்டு வந்தேன். அவனுடைய ஆட்டுக்குக் கால் வீக்கமாம், மகளிடம் கேட்டுச் சொல்லட்டாம்.

பெருநாளைக்கு வா. வட்டிலப்பம் இருக்கும்.

இன்னும் ஒன்று. மவ்லவி கேட்டார், "சத்தியம் எப்ப முறிஞ்ச?" என்று. "திங்கட்கிழம, போன்ல" என்றேன். அவர் தலையாட்டினார். அது முழுதும் சரியில்லை. நீயும் உம்மாவும் பெட்டியோடு பஸ் ஏறிய அன்று, சத்தியம் பண்ணி ஒரு நாள்கூட ஆகவில்லை, நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் வந்தேன். பாலாவிச் சந்தியில் ஆள் ஏற்ற பஸ் வெகுநேரம் நின்றது. ஒரு சீமெந்து லொறிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் நீ. என் பக்கம் பார்க்கவில்லை. பஸ் புறப்பட்டபோது என் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பாத்துப் போ மகள்.

வாப்பா