மூன்றாவது வளைவு வரை

மச்சான்,

இன்று காலை காரை எடுத்தேன். தங்கையின் மகளுடைய கலியாணத்துக்குக் கனடா போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்திருக்கிறோம். அவ்வளவு நாளும் கார் வாசலில் மழைக்குள் நின்றது. லண்டனில் இந்த வால்தம்ஸ்டோ மழை உனக்குத் தெரியும், ஒழுங்காகப் பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. இரண்டடி நகர்த்தியதும் முன்சில்லுக்குள் கிர்ர்ர் என்று ஏதோ அரைத்தது. பக்கத்தில் இருந்த மனைவி பயந்துபோய் நிற்பாட்டச் சொன்னாள்.

"துரு. மூண்டு வளைவு போகட்டும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என்னுடைய பேச்சில்லை என்று உறைத்தது. வசனம் உன்னுடையது. அந்த அலட்சியமும் உன்னுடையது. அவள் உன்னைக் கண்டதில்லை, நீ போன பிறகு வந்தவள். எனக்குக் கார் பற்றி நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் இவ்வளவு காலமாக மறுக்கவில்லை. வெட்கம்தான்.

எண்பத்தேழில் அந்தப் பழைய நீலக் காரை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கொரு திறப்பு, ஆர் வேண்டுமானாலும் திறந்து எடுக்கலாம். நீ பெற்றோல் நிலையத்தில், நான் பிஸ்கட் தொழிற்சாலையில். இருவருக்கும் பஸ்தான் வசதி. சனிக்கிழமை சாமான் வாங்க டூட்டிங் போவதற்கும், ஆருடைய வீட்டிலாவது விசேஷம் என்றால் போவதற்கும்தான் கார். சில வேளை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை. ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். எடுக்கிற நேரமெல்லாம் அது ஒரு புதுச் சத்தத்தோடு புறப்படும், நான் உடனே நிற்பாட்டிவிடுவேன்.

உனக்கு அது கொண்டாட்டம். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு நீ பக்கத்தில் குனிந்து, காதைச் சில்லுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாய். கீச்சென்று கத்தினால் பெல்ட் ஈரம், காய்ந்ததும் வாயை மூடும் என்பாய். தடக் தடக் என்றால் நின்று நின்று ரயர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது, சூடேறினால் திரும்ப வட்டமாகிவிடும். அரைத்தால் பிரேக் தட்டில் பிடித்த துரு. "நிண்ட காரின்டை முதல் சத்தத்தை நம்பாதை. மூண்டாவது வளைவுக்குப் பிறகும் கேட்டால்தான் அதுக்கு வருத்தம், ஏதோ பழுது" என்பாய். ஒருநாள் தெருவில் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். நீ நிமிராமலே, இல்லை, இதற்கு நெஞ்சு சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவள் சிரிக்கவில்லை. நான் ஸ்டியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன்.

ஒரு சத்தம் மட்டும் என் பிழையால் வருவது. காரை நிறுத்தினால் ஹாண்ட்பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் இறங்குவேன். இழுக்காவிட்டால் கார் தானாக உருண்டு போய்விடும் என்று ஒரு பயம். ஈரத்துக்குள் இரண்டு கிழமை அப்படியே நின்றால் பின் பிரேக் உள்ளே ஒட்டிப் பிடித்துவிடும், கார் அசையாது. முதல் தடவை அச்சு முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். நீ டிக்கிக்குள் இருந்து மரக்கட்டையை எடுத்தாய். எங்கள் அறையில் உடைந்த கதிரையின் கால், பச்சை நிறம் பூசியது, சாய்வாக அறுத்து வைத்திருந்தாய். அந்தக் கட்டையால் பின்சில்லின் உட்பக்கம் மூன்று முறை தட்டினாய். டொக், டொக், டொக். பிறகு தோளைக் கொடுத்துக் காரை ஒரு உலுக்கு. டங் என்று தெரு முழுக்கக் கேட்கப் பிரேக் விட்டது.

"கனநாள் நிக்கப்போற காருக்கு ஹாண்ட்பிரேக் போடாதையடா. கியரில விடு, சில்லுக்குக் கட்டையை வை."

நூறு முறை சொல்லியிருப்பாய். நூறு முறையும் நான் மறந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு புரட்டாதியில் அந்த ரெலிபோன் வந்தபோது நீ நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஊருக்கு லைன் இல்லாத காலம். கொழும்பில் இருந்து உன் ஒன்றுவிட்ட அண்ணை பேசினார். உன் அம்மா போய்விட்டா, எரித்தும் விட்டார்கள், செய்தி வரவே இரண்டு நாள் பிந்திவிட்டது என்றார். உன் கணக்கியல் இறுதிப் பரீட்சை அடுத்த கிழமை. இரண்டு முறை தவறவிட்டது. அம்மா கடைசிக் கடிதத்திலும் அதைத்தான் கேட்டிருந்தா. இப்ப சொன்னால் பெடியன் சோதினை எழுதமாட்டான், நீர் பார்த்துச் சொல்லும் என்று அண்ணை என் தலையில் கட்டிவிட்டு ரெலிபோனை வைத்துவிட்டார்.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஒன்பது நாள் இருந்தேன். நீ சோறு தின்பதைப் பார்த்தேன், கண்ணாடிக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடிச் சவரம் செய்வதைப் பார்த்தேன். இடையில் வந்த சனிக்கிழமை கூட்டாளி ஒருவனின் மகளுக்குப் பிறந்தநாள். போகவேண்டாம், படி என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் போய்வந்தால் மூளைக்கு நல்லது என்றாய். நான்தான் ஓட்டிப் போனேன். ஆட்டிறைச்சிக் கறிக்கு நீ இரண்டாம் தரமும் சோற்றுக் கோப்பையை நீட்டினாய். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அன்று அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு; பிள்ளை இறைச்சி தொடாத துடக்குக் காலம்.

கடைசிப் பேப்பர் முடிந்து நீ வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னேன். நீ அழவில்லை. எப்போது என்று கேட்டாய். சொன்னேன். விரலை மடித்து எண்ணினாய்.

"உனக்குத் தெரிஞ்சது சனிக்கிழமைக்கு முதலோ, பிறகோ?"

"முதல்."

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அறைக்குள் போய் ஒரு பையில் உடுப்பை அடுக்கினாய். அண்ணை சொன்னார், பரீட்சை, உன் நன்மைக்கு என்றெல்லாம் நான் பின்னால் நின்று உளறினேன். கதவடியில் திரும்பினாய்.

"நீ எனக்குக் கெடுதல் செய்தனி எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நான் அண்டைக்கு இறைச்சி திண்டனான்."

அதுதான் நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

நீ டூட்டிங்கில் ஒரு அறை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முதலில் எனக்கு வெட்கம். பிறகு, மனிசன் மனம் பொல்லாதது, ரோசம் வந்தது. நான் என்ன எனக்காகவா செய்தேன் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். காரைத் தொடவில்லை. அவனுக்கும் பங்குதானே, வந்து எடுக்கட்டும் என்று விட்டேன். நீயும் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வழக்கம் போல நான் ஹாண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டிருந்த அது இலைகுழைக்குள் ஐந்து மாதம் நின்றது.

பங்குனியில் உன் அறைக்காரப் பெடியன் விடியற்காலையில் ரெலிபோன் எடுத்தான். அண்ணை, அவர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், போய்விட்டார் என்றான். நேராகச் சொன்னான். எனக்கு ஆரும் எதையும் ஒன்பது நாள் ஒளிக்கவில்லை. முப்பத்தாறு வயது உனக்கு.

செத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போக மனம் வரவில்லை, அந்தக் காரில்தான் போகவேண்டும் என்று நின்றேன். பற்றறி செத்துப்போயிருந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் காரைக் கொண்டுவந்து வயர் போட்டுத் தந்தார். பின் பிரேக் ஒட்டியிருக்கும், என்னால் தட்டிக் கழற்ற முடியுமா என்ற யோசனையோடு திறப்பைத் திருகினேன். கார் குபீரென்று முன்னால் பாய்ந்து, எதிலோ முட்டி, தொப்பென்று நின்றது. அப்படி ஒரு சத்தத்தை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்தால் கார் கியரில் கிடந்தது. ஹாண்ட்பிரேக் கீழே இறங்கியிருந்தது. இறங்கிப் போய்க் குனிந்தேன். சில்லுக்கு முன்னால் பச்சைக் கட்டை.

கிழவர்தான் சொன்னார். "உன் நண்பர் வந்திருந்தாரே, அந்தப் பெரிய பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை. உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்." சத்தம் கேட்டு அவர் யன்னலால் பார்த்தாராம். நீ சில்லடியில் குந்தியிருந்தாயாம். பிறகு காருக்குள் ஏறி, கிட்டத்தட்ட அரை மணித்தியாலம், எங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாயாம். அவர் கையால் சைகை செய்து, வீட்டில் ஆள் இருக்கிறது, போய்த் தட்டு என்றிருக்கிறார். நீ தலையை ஆட்டிவிட்டுப் பஸ் தரிப்புப் பக்கம் நடந்துவிட்டாய்.

மச்சான், இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தேன். டொக், டொக், டொக். பிறகு டங். எனக்குக் கேட்டது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும், இந்த லண்டனில் என்னைத் தவிர வேறு ஆருக்கும் தெரிந்திருக்காது. அவன் ஏன் வரப்போகிறான், ஆரோ குப்பைத் தொட்டியைத் தட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிழங்கைப் பிரட்டினேன். யன்னல் பத்தடி தூரத்தில் இருந்தது. போய்ப் பார்த்து, வந்தது நீயில்லை என்றால் அதைத் தாங்க எனக்கு ஏலாது என்று பயந்தேன். நீ வந்திருந்தாய்.

அன்று டூட்டிங்குக்கு ஓட்டிப்போகையில் முன்சில்லு அரைத்தது, பெல்ட் கத்தியது, ரயர் தடக் தடக் என்றது. பின்பிரேக் மட்டும் மூச்சுக்கூட விடவில்லை, அதை நீ ஏற்கெனவே விடுவித்துவிட்டாய். மூன்றாவது வளைவில் மற்றவையும் ஓய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு காருக்குள் நான் அழுத சத்தம்தான். எங்களுக்கும் அவ்வளவுதானே தேவைப்பட்டது? நீ நாலு ஏச்சு ஏசியிருப்பாய், நான் நாலு சொல்லியிருப்பேன், கொஞ்ச நேரம் அரைத்திருக்கும்.

நீலக் கார் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. பச்சைக் கட்டை மூன்று கார் மாறி இப்போதும் என் டிக்கியில் கிடக்கிறது. கனடாவுக்குப் போகுமுன் அதைச் சில்லுக்கு வைத்தேன், ஹாண்ட்பிரேக்கைத் தொடவில்லை. கெட்ட செய்தி என்னிடம் வந்தால் அந்த நிமிடமே உரியவரிடம் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று சிலர் சொல்கிறார்கள், சொல்லட்டும். தெருவில் எங்காவது டொக்கென்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு யன்னலுக்குப் போகிறேன். மனைவி ஆரென்று கேட்பாள். ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.